ஒட்டிக்கொண்டிருந்த பழைய வளையம்

நான் விற்ற படகு எஞ்சின் நடுக்கடலில் ஜாம் ஆகி நின்றுவிட்டது. பதறாதே, நாலு பேரும் கரை சேர்ந்துவிட்டார்கள். நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்களா?

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டிய கிராங்க் தண்டு, நாய் பிறாண்டிய கதவு மாதிரி கீறிக் கிடந்தது. விற்பதற்கு முன் பழைய ஆயில் பில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நம் கடை மெக்கானிக் அதைக் கவனிக்காமல் புது பில்டரை அதன் மேலேயே முடுக்கிவிட்டான். கடலில் இரண்டு வளையமும் பிதுங்கி, ஆயில் முழுக்க வெளியே கொட்டி, தண்டு வறண்டு உரசிவிட்டது.

படகுக்காரர் கத்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என் தம்பியும் அதுலதான் இருந்தான்" என்றார்.

"வேற எஞ்சின் தர்றேண்ணே."

"அதையும் உன் ஆளுதானே மாட்டுவான்? நீயும் ஏறி வா."

"எனக்கு நீச்சல் தெரியாதுண்ணே."

"எஞ்சின் ஓடுனா நீச்சல் எதுக்குடா?"



பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க நீ தருவாயே, அந்த மாத்திரையின் பெயரை எழுது. பிள்ளைகள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்பு, சண்டை போட்டாலும் பரவாயில்லை. வீட்டுப் பத்திரம் பீரோவில் உன் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. சும்மா சொல்லிவைத்தேன்.

வாசலில் படகுக்காரரின் ஆள் கூப்பிடுகிறான். பேசி முடித்தது இதுதான்: வேறு எஞ்சின் என் செலவு, அது கடலுக்குப் போகும் முதல் மூன்று நடைக்கும் நான் படகில் இருக்க வேண்டும்.