ஏழாம் அத்தியாயத்தின் ஓரம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் புதுக் கட்டு மேசைக்கு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடவுள் இல்லாமலே மனிதன் நன்றாக இருக்க முடியும் என்று ஒரு பேராசிரியர் பத்து அத்தியாயங்களில் சொல்கிறார். மெய்ப்பு பார்க்க வேண்டியது நானும் கமாக்காவும்.

எங்கள் பதிப்பகத்தில் இன்னும் பழைய முறைதான். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சுத்தாளில் பேனாவோடு பின்தொடர்வார். நிறுத்தக்குறிகளையும் வாயால் சொல்ல வேண்டும். கமாக்கா சொல்லும் 'கமா' மாடிப்படிவரை கேட்கும். அதனால் அலுவலகமே வைத்த பெயர். அவருக்கும் பிடிக்கும். சர்ச்சுக்குப் போகிற எனக்கு அவர் வைத்த பெயர் பிஷப்.

"ஒரு மாசம் உனக்கு நாத்திகம் ஓதப் போறேன், பிஷப்பே. காதைப் பொத்திக்காத, வேலை நடக்காது."

"நீங்க படிங்க கமாக்கா. நான் தப்பை மட்டும் பாக்குறேன்."

"அதைத்தானே உங்க ஆளுங்க எப்பவும் பாக்குறாங்க."

நல்ல அடி. சிரித்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

மனிதர் நன்றாக எழுதுகிறார். எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம். ஒன்பது பேர், எல்லோரும் என் வயது. அக்காவின் கணவர், என் மச்சான், நடத்துகிறார். நான் இருப்பது அவர்கள் வீட்டில். நாற்காலிகள் போதாமல் இருவர் ஜன்னல் விளிம்பில்.

வங்கியில் வேலை பார்க்கும் பெண் சொன்னாள்: மதியம் சாப்பிடுமுன் ஜெபிக்க அவள் கண்ணை மூடினால் மேசையே அமைதியாகிவிடுகிறதாம். "எனக்கு வலிப்பு வந்த மாதிரி பாக்குறாங்க. அப்புறம் ஒருத்தர் தண்ணி குடுக்குறாரு." எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் கழிவறைக்குப் போய் ஜெபித்துவிட்டு வருகிறாளாம். "அவங்க கேக்குற கேள்வி எதுக்கும் எனக்குப் பதில் தெரியாது. எனக்கு மட்டும்தான் இப்படியான்னு இருக்கு."

மச்சான் முகம் சுருங்கியது. "பதில் வேணும். இல்லன்னா பிள்ளைங்க வெட்கப்பட்டே விட்டுட்டுப் போயிடுவாங்க" என்று பிறகு அக்காவிடம் சொன்னார்.

இவரைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. பல்கலைக்கழகத்தின் கடைசி ஆண்டில் நான் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தேனே — அப்போது தினமும் வந்தவர் இவர். கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவர். பரிசோதனை வில்லைகள் அடுக்கிய பெட்டியோடு வருவார். "கண்ணு பாக்கணும் மாப்ள" என்பார். பதினொரு நாள் பார்த்தார். கடவுள் பெயரை எடுக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் நானாகக் கேட்டேன்.

என் பார்வையில் கோளாறே கிடையாது. அவருக்கும் தெரியும்.

மார்ச் 11, செவ்வாய்

பக்கம் 171. ஏழாம் அத்தியாயம்.

இயேசு தம் சீடர்களுக்கு இட்ட கட்டளை என்று ஒரு வரியைப் பேராசிரியர் மேற்கோள் காட்டுகிறார். பகைவரைக் கண்முன் கொண்டுவந்து வெட்டச் சொல்லும் வரி. அத்தியாயம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

அது இயேசுவின் கட்டளை அல்ல. அவர் சொல்லும் ஒரு கதையில், ஊரார் வேண்டாமென்ற அரசன் ஒருவன் திரும்பி வந்து சொல்வது. அந்த அரசன் யாரைக் குறிக்கிறான் என்று வாதாடலாம், அது வேறு. ஆனால் சீடருக்கு இட்ட கட்டளை? இல்லவே இல்லை.

கமாக்கா சாதாரணமாகப் படித்துக்கொண்டு போனார். "மேற்கோள் முடிவு, முற்றுப்புள்ளி." என் பேனா நின்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

மூலப்படியும் அச்சும் ஒத்திருக்கின்றன. எங்கள் விதிப்படி பிழையே இல்லை. தகவலுக்கு ஆசிரியரே பொறுப்பு. சந்தேகம் தோன்றினால் கேள்விச் சீட்டு எழுதி ஓரத்தில் ஒட்டலாம். கட்டாயமில்லை.

கட்டாயமில்லை. பிறகு ஏன் பக்க எண் மனப்பாடமாகிவிட்டது?

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு மேசையில் உளறிவிட்டேன். ஆசிரியரின் தாளைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது. தெரியும். ஆனாலும்.

மச்சான் கரண்டியை வைத்துவிட்டார். "டேய் மாப்ள! சண்டே ஸ்கூல் பிள்ளைகூட சொல்லுமே! இதை வச்சா ஒரு அத்தியாயம் கட்டியிருக்காரு?"

மே மாதம் நூலகக் கூடத்தில் வெளியீடு. கேள்வி நேரம் உண்டு. ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு போவாராம். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாராம்.

"அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காத. அப்படியே அச்சாகட்டும்."

"மச்சான், அது…"

"பொய் சொல்லச் சொல்லலையே. சும்மா இருன்னுதான சொல்றேன்."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. ஆபீஸ் விஷயத்தை வீட்டுல கொட்டினவன் ஒருத்தன். அதைப் பொறுக்கி எடுக்குறவர் ஒருத்தர்."

மார்ச் 14, வெள்ளி

ஒன்பது பேரிடமும் சொல்லிவிட்டார்: "மே மாசம் ஒரு வேடிக்கை இருக்கு." என்னவென்று சொல்லவில்லை. வங்கிப் பெண் கைதட்டினாள். அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

வியாழன் மாலை கட்டு ஆசிரியருக்குத் திரும்புகிறது.

ஜெபித்தேன். பக்க எண்தான் வந்தது.

சீட்டு எழுதினால் மச்சானை இழப்பேன். மிகைப்படுத்துகிறேனா? இல்லை. அவர் கத்த மாட்டார், வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டார். ஆனால் அந்தப் பதினொரு நாள் எங்களுக்குள் இருந்த ஏதோ ஒன்று — அது இருக்காது.

எழுதாவிட்டால்? இயேசுவைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு பொய்யை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். அவரைக் காப்பாற்றுவதற்காக.

இதற்கு என்ன பெயர்? விசுவாசமா?

பேராசிரியரைப் பகைவராக நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. ஒரு மனிதனின் வாக்கியங்களை இரண்டு வாரம் காதால் கேட்டால் அவன் எங்கே மூச்சு வாங்குவான் என்று தெரிந்துவிடுகிறது. எந்த இடத்தில் தனக்கே சந்தேகம் வந்து 'நிச்சயமாக' என்று எழுதுகிறான் என்பதும்.

நானும் அப்படித்தான் எழுதுவேன்.

மார்ச் 19, புதன்

சீட்டு எழுதினேன்.

'ப. 171: இது கதையில் வரும் அரசன் பேசுவது. சீடர்களுக்கு இட்ட கட்டளை அல்ல. முன்பின் வரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.'

கீழே இன்னும் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தேன், வாதம் செய்து. அவற்றை வெட்டிவிட்டு வேறு சீட்டில் மறுபடி எழுதினேன்.

ஒட்டும்போது கமாக்கா பார்த்தார். "வந்துட்டியா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பன்னெண்டு வருஷம் சண்டே ஸ்கூல் எடுத்தவ நான். அந்தக் கதைக்குப் படம் வரைஞ்சு கலர் அடிச்சுக் காட்டியிருக்கேன். ராஜாவுக்குத் தாடி மட்டும் சரியா வரல."

அவர் சர்ச்சுக்குப் போனவர் என்பதே எனக்குப் புதிது. ஏன் நிறுத்தினார் என்று கேட்கவில்லை.

"அப்போ நீங்களே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எழுதலன்னா இன்னைக்கு நான் எழுதியிருப்பேன். நீ எழுதுறியான்னு பாத்துட்டிருந்தேன்."

"பரீட்சையா?"

"இல்லப்பா. ஆசை."

மாலையில் மச்சானிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"பிள்ளைங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"தப்பு பாக்குறதுதான் என் வேலை மச்சான்."

"கமா புள்ளி பாக்குறதுதான் உன் வேலை."

மார்ச் 20, வியாழன்

காலையில் மச்சான் என்னை 'நீங்க' என்றார். "தண்ணி வேணும்னா எடுத்துக்கங்க."

மார்ச் 27, வியாழன்

இன்னும் நீங்கதான். திட்டித் தொலைக்கலாமே இவர்!

அலுவலகத்துக்குத் தொலைபேசி. பேராசிரியர்.

"நூத்தி எழுபத்தொண்ணுல சீட்டு வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்க சர்ச்சுக்குப் போறவரா?"

"ஆமா சார்."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். "அப்போ ஏன் சொன்னீங்க? விட்டிருந்தா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கலாமே."

படைப்பு, தீமை, வேதனை, அற்புதம் — எல்லாக் கேள்விக்கும் வருடக்கணக்காகப் பதில் தயாரித்து வைத்திருக்கிறேன். இதற்குத் தயாரிக்கவில்லை.

"அவரு அப்படிச் சொல்லல சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. "அத்தியாயமே உக்காந்துடுச்சு தம்பி. ரெண்டு வாரம் குடுங்க. புதுசா எழுதுறேன்."

கமாக்கா வாயசைவாலேயே கேட்டார்: திட்டினாரா? இல்லை என்று தலையாட்டினேன். தன் காப்பியில் பாதியை என் டம்ளரில் ஊற்றினார்.

ஏப்ரல் 10, வியாழன்

புது ஏழாம் அத்தியாயம் வந்தது. பழையதைவிடப் பத்து மடங்கு வலிமையானது. மேற்கோளே இல்லை. சபையை விட்டுப் போனவர்களை நேரில் சந்தித்துக் கேட்டு எழுதியிருக்கிறார்.

ஒரு பெண். கணவனைப் பிரிந்த பிறகும் சர்ச்சில் அதே பெஞ்சில் வந்து உட்காருகிறாள். யாரும் கடிந்து பேசவில்லை. அவளுக்காக ஜெபிக்கிறார்கள். சத்தமாக. பெயர் சொல்லி. வாராவாரம். ஒருநாள் அவள் வரவில்லை. அப்போதும் ஜெபிக்கிறார்கள்.

கமாக்காவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கமாக்கள் உதட்டோடு நின்றன. தாளை என் பக்கம் தள்ளினார். "நீ படி. நான் பேனா பிடிக்கிறேன்."

படித்தேன். அவர் எதையும் குறிக்கவில்லை.

"இது நீங்களா?"

"இல்ல, வேற யாரோ. எனக்கும் இதேதான் தம்பி. ஆனா எனக்கு மைக்குல."

என்ன சொல்வது? நான் எழுதிய சீட்டினால் பிறந்த அத்தியாயம். மன்னிச்சுக்கங்கன்னு சொல்லலாமா? யார் சார்பில்? நான் யாரு சொல்றதுக்கு?

"அவங்க செஞ்சது சரியில்ல கமாக்கா" என்றேன். இவ்வளவுதான் வந்தது.

"ம்" என்றார். பேனாவை மூடிவைத்தார். "இதை ஒரு ஆளாவது சொல்ல ஒன்பது வருஷம் ஆயிருக்கு பாரு."

மே 8, வியாழன்

வெளியீடு. மச்சான் போன வாரமே புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். ஏழாம் அத்தியாயத்தை இரண்டு முறை. ஒன்பது பேரை அழைத்து வரவில்லை. ஒரே பஸ்ஸில்தான் வந்தோம், அவர் முன் இருக்கை, நான் கடைசி.

கேள்வி நேரத்தில் எழுந்தார்.

"ஏழாம் அத்தியாயத்துல ஒரு அம்மா வர்றாங்க. அவங்க இப்போ எப்படி இருக்காங்க சார்?"

பேராசிரியர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். "தெரியல. நான் திரும்பப் போய்க் கேக்கல." பிறகு, "கேட்டிருக்கணும்."

மச்சான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் வேடிக்கை.

திரும்பும்போது பஸ்ஸில் தன் பக்கத்து இடத்தைத் தட்டினார். "வா மாப்ள, ஜன்னல் பக்கம் உக்காரு."

வா. அடப்பாவி மனுஷா, ஒன்றரை மாசம்!

பிறகு வெளியே பார்த்தபடி சொன்னார்: "நான் எத்தனை பேருக்கு அப்படி ஜெபிச்சிருக்கேன் தெரியுமா? பேர் சொல்லி." கமாக்காவைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

ஜூன் 17, செவ்வாய்

மச்சான் அந்தப் புத்தகத்துக்கு மறுமொழி எழுதியிருக்கிறார். கூட்டத்துக்குக் கொடுக்கப் பன்னிரண்டு பக்கம். அச்சடிக்குமுன் பார்த்துத் தரச் சொல்லி, மதிய இடைவேளையில் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "அவர் சொல்லாததைச் சொன்னதா எழுதியிருந்தா அடிச்சிடு" என்றார்.

கமாக்கா படித்தார். நான் பேனா. மூன்றாம் பக்கம்: 'விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் பெருமையினால்தான் போகிறார்கள்.'

முற்றுப்புள்ளியையும் சொன்னார். பிறகு நிறுத்தினார். "பிஷப்பே, ஒரு சீட்டு எழுது. பக்கம் மூணு. ஆதாரம் எது?"

மச்சான் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"ஆதாரம்… எதுவும் இல்லைங்க."

"நான் விட்டுட்டுப் போனவதான். என்கிட்ட யாரும் கேக்கலையே."

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்போ கேக்குறேன்மா. சொல்லுவீங்களா?"

கமாக்கா நாற்பது நிமிடம் சொன்னார். இரண்டு இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் மச்சானைத் திட்டினார், அவர் அங்கே இல்லவே இல்லாத ஒரு காரியத்துக்காக. மச்சான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பன்னிரண்டு பக்கம் எழுதிய மனிதர்.

கடைசியில் அந்த வரியைத் தானே அடித்தார். "இந்த இடத்துல என்ன போடட்டும்?"

"என்னைக் கேட்டா? உங்க கட்டுரை" என்றார் கமாக்கா.

ஜூன் 20, வெள்ளி

கூட்டத்தில் தாள்களைக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தில் நான்கு விரல் அகலம் வெறும் வெள்ளை.

வங்கிப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, இங்க அச்சு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலம்மா. அந்த இடத்துக்கு எங்கிட்ட பதில் இல்ல."

"உங்ககிட்டயா?"

"எங்கிட்டதான்."

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தாள்.