வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட்

அன்புள்ள அப்பா,

உங்கள் மேனேஜர் வீட்டு ரிசப்ஷனுக்கு வேட்டி வேண்டாம், வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும்தான் முறை என்று நூலகப் புத்தகத்தைக் காட்டி உங்களை உடை மாற்ற வைத்தவள் நான். ஓசூர் மண்டபத்தில் பரிமாறுகிறவர்களும் அதையேதான் போட்டிருப்பார்கள் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

“அண்ணா, இங்க ரெண்டு தண்ணி பாட்டில் குடுங்க” என்று உங்களைக் கேட்டது என் வகுப்புத் தோழி ஜெசி. நான் சொல்வேன் என்று என்னைப் பார்த்தீர்கள். நான் இலையைப் பார்த்தேன். நீங்கள் போய் எடுத்துவந்து எனக்கும் ஒன்று நீட்டினீர்கள்.

“தேங்க்ஸ்ண்ணா” என்றேன்.

வெள்ளிக்கிழமை என் பரிசளிப்பு விழாவுக்கு வர முடியாது, ஷிப்ட் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். அன்றைக்கு உங்களுக்கு வீக் ஆஃப். எதை உடுத்தினாலும் சரி, வாங்கப்பா.

நீங்கள் யாரென்று ஜெசியிடம் இன்று சொல்லிவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். அவளாவது தெரியாமல் கூப்பிட்டாள்.

உங்கள் மகள்