தகரக் கூரையும் என் கணவர் திறந்த கதவும்

அனுப்புநர்:
திருமதி சிவகாமசுந்தரி,
காலஞ்சென்ற கருணாகரனின் மனைவி,
காஜா பேராங், மலாக்கா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
காஜா பேராங் குடியிருப்புச் சீரமைப்புக் குழு,
மலாக்கா.

பொருள்: என் கணவர் தம் அறிவீனத்தால் இறந்தார் என்று எழுதப்பட்டிருப்பதை நீக்கவும், எங்கள் வீட்டை இடிக்காமல் விடவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் இரு பெண் பிள்ளைகளுடன் வசிக்கிறேன். ரப்பர் கிடங்கில் மூட்டை தூக்கிய என் கணவர் கருணாகரன், சென்ற மே மாதப் புயலில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை பெயர்ந்து வெட்டியதால் மாண்டார். விசாரிக்க வந்த தங்கள் மேற்பார்வையாளர், “இறந்தவர் அறிவீனத்தால் புயல் நேரத்தில் கதவைத் திறந்து, தம் சாவைத் தாமே தேடிக்கொண்டார், கூரையில் குற்றமில்லை” என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். கூரையில் குற்றமில்லாததால், நான் இப்போது வேய்ந்திருக்கும் அத்தாப்பு ஓலையைப் பிரித்துவிட்டு மீண்டும் தகரம் போடவேண்டுமாம். தவறினால் இம்மாத இறுதியில் வீடு இடிக்கப்படும் என்று நோட்டீசு வந்துள்ளது. மேற்பார்வையாளர் இந்த ஊருக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அவருக்கு எங்கள் காற்றைத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. கடலுக்கு அப்பாலிருந்து வருவதால் இதைச் சுமத்ரா காற்று என்கிறோம். பெரும்பாலும் விடியும் வேளையில் வரும். மேற்கே வானம் கறுத்து, ஒரு நிமிடம் இலைகூட அசையாது. அடுத்த நிமிடம் தென்னை மரங்கள் தலைகுப்புற வளையும். நான் சிறுமியாக இருந்தபோது அடித்த காற்றில் எங்கள் வரிசையில் பாதி வீடுகள் படுத்துவிட்டன. எதிர்வீட்டு நல்லையா என்பவர் பயந்து கதவையும் சன்னலையும் இறுகச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு உள்ளே இருந்தார். காற்று சுவரோடு மோதி வீட்டையே சாய்த்தது. உத்திரத்தின் அடியிலிருந்து அவரையும் அவர் மனைவியையும் எடுத்தபோது அடையாளம் சொல்ல முகமில்லை. கதவுகளைத் திறந்துவிட்ட வீடுகளில் சட்டி பானை பறந்தது, துணிமணி நனைந்தது. ஆனால் வீடு நின்றது, உயிரும் நின்றது.

3. அன்றிலிருந்து எங்கள் பகுதியில் அது ஒரு வழக்கம். காற்று வரும் ஓசை கேட்டால் முதலில் முன்கதவைத் திறப்போம், பிறகு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறப்போம், அதன்பின் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோம். பல தலைமுறையாக மலாயே பேசிவரும் செட்டிகளின் கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பொன்னுதுரை தமிழ் பேசமாட்டார். அவரும் காற்று வந்தால் தெருவில் நின்று மலாயில் கத்துவார்: “பூக்கா பிந்து! காசி அங்கின் லாலு!” கதவைத் திற, காற்றைப் போகவிடு என்று அர்த்தம். ஜப்பான்காரன் காலத்தில் வந்த புயலிலும் அப்படித்தான் பிழைத்தோம். அப்போது வேரோடு சாய்ந்த புளிய மரம் ஒன்று சாலையில் போன இரண்டு பேரை நசுக்கிப் போட்டது. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

4. ஐயா, இந்த முறை செல்லுபடியானது அத்தாப்பு வீட்டில். சுவர் உச்சிக்கும் கூரைக்கும் நடுவே சந்து இருக்கும். ஓலைக்கு நடுவிலும் காற்று புகுந்து போகும். சுதந்திர விழா ஊர்வலம் எங்கள் சாலை வழியே வருகிறது, ஓலைக் கூரை பார்க்க நன்றாயிருக்காது என்று தாங்கள் சென்ற ஆண்டு தகரம் கொடுத்தீர்கள். நன்றியோடு வாங்கிக்கொண்டோம். வந்த ஆட்கள் கூரையை மாற்றி, சந்துகளை எல்லாம் பலகை அடித்து மூடினார்கள். முன்கதவுக்குப் பச்சைச் சாயம்தான் அடிக்கவேண்டும் என்றுகூட மேற்பார்வையாளர் கண்டிப்பாகச் சொன்னார். காற்று வந்தால் இனி அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

5. மே மாதம் அது நடந்த காலையில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வெளியே பொன்னுதுரை கத்தும் குரல் கேட்டது. என் கணவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு முன்கதவைத் திறந்தார். பின்கதவை நோக்கி ஓடினார். அவர் பாதி வீடு கடப்பதற்குள், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையை அடியிலிருந்து தூக்கியது. ஆணிகள் பிடுங்கிக்கொள்ளும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மேலே போன தகரங்களில் ஒன்று திரும்பி வந்து, அவர் கழுத்தில் இறங்கி மார்பு வரை கிழித்தது. நான் என் சேலையைச் சுருட்டி அந்தப் பிளவில் அழுத்தினேன். பத்தவில்லை. மரங்கள் விழுந்து சாலை அடைபட்டதால் லாரி வரமுடியவில்லை. பொன்னுதுரையும் அவர் தம்பியும் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. அன்று எங்கள் வரிசையில் இன்னும் மூன்று வீடுகளில் இதே போல் கதவு திறந்தார்கள், கூரை போனது. ஒரு பெண்ணுக்குக் கை போனது. நான்கு வீட்டாரும் ஒரே நாளில் அறிவிழந்தார்களா என்று மேற்பார்வையாளரைத் தாங்கள் கேட்கவேண்டும்.

6. என் கணவர் படிக்காதவர்தான். ஆனால் ஊர் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தார். மனைவி மக்களைக் காப்பாற்றத்தான் எழுந்து ஓடினார். பேசாமல் உட்கார்ந்து காப்பியைக் குடித்திருந்தால் இன்று உயிரோடு இருப்பார். அவர் அப்படி உட்காருகிறவர் இல்லை.

7. மேற்படி அறிக்கையைத் தமிழிலும் எழுதித் தங்கள் அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு எச்சரிக்கையாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதை நின்று படிக்கிறார்கள். என் மூத்த மகள் சந்திரமதி இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். காரணம் கேட்டதற்கு, “அப்பா முட்டாளாம்மா?” என்று என்னைக் கேட்டாள். நான் அவளை அடித்துவிட்டேன். அடித்த பிறகு இருவரும் அழுதோம்.

8. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, அந்த அறிக்கையிலிருந்து ‘அறிவீனம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, புதுக் கூரையின் ஆபத்து இன்னதென்று அவருக்குச் சொல்லப்படவில்லை என்று எழுதி, அதே வாசலில், அதே இடத்தில் ஒட்டச் செய்யவேண்டும். அடுத்ததாக, எங்களை ஓலைக் கூரையின் கீழ் இருக்க அனுமதிக்கவேண்டும். இரண்டையும் தர முடியாது, ஒன்றுதான் முடியும் என்றால் முதலாவதைத் தாருங்கள். இடிக்க வரும் ஆட்களை நான் மறிக்கமாட்டேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
சிவகாமசுந்தரி
(கையொப்பம்)

இடம்: காஜா பேராங், மலாக்கா
நாள்: 14-7-1958