மன்னிப்புக் கேட்க வர மாட்டான்

அன்பு மகன் தோங்சுவுக்கு,

நல்லெண்ணெய்ப் புட்டிகளைச் சுற்றிய துணியைப் பிரித்தால் இந்தக் கடிதம் இருக்கும். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். போன மாதம் நான்கு முறை. தேதிகூடச் சொல்வேன்.

உன் பிள்ளை ஹான்யுலுக்குச் சளி விட்டுவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறான்.

அவன் பாலர் பள்ளியில் பெற்றோருக்கு வகுப்பு வைத்தார்கள், பிள்ளைக்கு உடம்பைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று. வரவேண்டியது நீயும் உன் மனைவியும். வேலை பார்க்கும் உல்சானில் இரண்டு பேருக்கும் லீவு இல்லை. எழுபத்திரண்டு வயதில் குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்தவள் நான். டீச்சர் துணிப் பொம்மையைக் காட்டி உறுப்புகளின் பெயரை உரக்கச் சொல்லச் சொன்னார். மூக்கு, முழங்கால் எல்லாம் சொன்ன இளம் தாய்மார்கள், மறைவிடம் வந்ததும் தரையைப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற நான்தான் சொன்னேன். "பாட்டி, இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றார். அதையும் செய்தேன். இது எனக்குத் தேவையா?

அங்கே கேட்டதைத்தான் ஹான்யுலுக்குச் சொன்னேன். உன் உடம்பு உன்னுடையது, பெரியவர்களிடமும் வேண்டாம் என்று சொல்லலாம், நான் திட்டமாட்டேன் என்று.

அறுவடைப் பண்டிகைப் படையலுக்கு உன் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அரிசி மது உள்ளே போனதும் அவர், "டேய் குட்டி, மிளகாய் எவ்வளவு வளந்திருக்கு, தாத்தாவுக்குக் காட்டுடா" என்று அவனைப் பக்கத்தில் இழுத்தார். இந்த ஊர்க் கிழவர்கள் எல்லாப் பையன்களிடமும் கேட்பதுதான். உன்னிடம் கேட்டபோது நானே சிரித்திருக்கிறேன். ஹான்யுல் சிரிக்கவில்லை. மிளகாய் என்னாமல் உள்ள பெயரைச் சொல்லி, "அது என்னோடது, காட்ட மாட்டேன்" என்றான். "பொம்பள வளக்குற புள்ள, வேற எப்படி இருக்கும்" என்று அவர் எழுந்துபோனார். உன் அப்பாவைப் புதைத்த அன்று உன்னையும் இதையேதான் சொன்னார். உனக்கு ஒன்பது வயது.

மறுநாளே நீ போன் செய்து, பையனைக் கூட்டிப்போய் அவர் முன் விழுந்து மன்னிப்புக் கேட்க வைக்கச் சொல்கிறாய். குடும்பத்துக்கு மூத்தவராம்.

தோங்சு, உன் அக்கா மியோங்சுக்குக்கு அப்போது எட்டு வயது. நீ என் இடுப்பில். பெரியப்பா வீட்டுக்கு வரமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இழுத்துப்போனேன். அடம்பிடித்ததற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்க வைத்தேன். பூசானுக்கு வேலைக்குப் போனவள் இருபத்தாறு வருஷமாக ஒரு படையலுக்கும் வரவில்லை. திமிர் என்று நினைத்து அவள்மேலும் வன்மம் வளர்த்தேன். எனக்கு யார் என்ன செய்தார்கள் என்று நாள் கிழமையோடு சொல்கிறவள், அந்த விரல்களை நினைத்துப் பார்த்தது அந்தக் குட்டி நாற்காலியில்தான்.

ஹான்யுல் வர மாட்டான். உன் பெரியப்பாவிடம் நீயே சொல்லிக்கொள்.

சிவப்பு மூடிப் புட்டி உன் அக்காவுக்கு. தபாலில் போடாதே, நேரில் கொண்டுபோய்க் கொடு. அன்றைக்கு ஏன் வரமாட்டேன் என்றாள் என்று அம்மா இப்போது கேட்கிறாள் என்று சொல். பதில் சொல்ல வேண்டாமென்றால் வேண்டாம், அம்மா திட்டமாட்டாள் என்றும் சொல்.

நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா