முதல் நாள் சொன்ன விதி

பிப்ரவரி 4, செவ்வாய்

கடையில் கூட்டம் இல்லை. ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டார். ஒன்று என்பதா, இல்லை என்பதா? "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க சார்" என்றேன்.

எங்கள் பெண் வாலு போய் ஐந்து மாதமாகிறது. பதினாறு வயது. மூளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், திரும்பி வரவில்லை. வீட்டில் பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதே கிடையாது. வாலுதான்.

தூக்கமில்லை என்று டாக்டரிடம் போனால், மாத்திரையை விட முதலில் கவுன்சலிங் போங்கள், நீங்களும் உங்கள் கணவரும் இருவருமே போங்கள் என்கிறார். அக்காவிடம் போனில் சொன்னேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். இல்லை அக்கா, பைத்தியம் பிடித்திருந்தால் இவ்வளவு வலிக்காது.

பிப்ரவரி 6, வியாழன்

போனோம். பல் டாக்டருக்கு மேல்மாடி. வெளியே நாற்காலிகளில் ஒரு கல்லூரிப் பையன், கைக்குழந்தையோடு ஒரு பெண், ரிடையர் ஆனவர் போல ஒருவர். என்னைப் போலத்தான் எல்லோரும், துணி இஸ்திரி போட்டு, தலை வாரி.

ஆலோசகர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். இன்று சேர்ந்து, இனி தனித்தனியாக, வாரம் ஒரு முறை என்றார். "நான் புத்தி சொல்லமாட்டேன். மருந்தும் தரமாட்டேன். நீங்க பேசுங்க, நான் கூட இருந்து கேக்கறேன். இங்க பேசுறது எதுவும் இந்த ரூமைத் தாண்டி வெளிய போகாது" என்றார். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் பாதுகாப்பு வகுப்பு நடந்தால் எப்படித் தலையாட்டுவாரோ, அப்படியே ஆட்டினார்.

பிப்ரவரி 13, வியாழன்

முக்கால் மணி நேரம் நானே பேசினேன். நடுவே ஒரு முறை ஆலோசகர், "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றார். எப்படி இருக்கும்! எரிச்சலாக வந்தது. அப்புறம் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் என் சிவந்த மூக்கையே பார்த்தார்கள்.

பிப்ரவரி 14

இன்று நேற்றைவிட மோசம். இதற்கா போனேன்?

பிப்ரவரி 20, வியாழன்

பேசிவிட்டு வந்தால் இன்னும் கனமாக இருக்கிறதே என்று ஆலோசகரிடம் கேட்டேன். முதலில் அப்படித்தான் இருக்கும், தாங்க முடியாமல் போனால் உடனே சொல்லுங்கள், வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். புதுக் கண்ணாடி போட்டால் முதல் வாரம் தரை மேலும் கீழுமாகத் தெரியும், கழற்றிவிடாதீர்கள் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! எனக்கென்று வரும்போது கழற்றி எறியத்தான் தோன்றுகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

வீட்டில் இவர் மாறிவிட்டார். முன்பெல்லாம் சாப்பிடும்போது சட்டென்று வாலுவைப் பற்றி ஏதாவது ஆரம்பிப்பார், பாதியில் இருவரும் அழுதுவிட்டு எழுந்துவிடுவோம். இப்போது அதுவும் இல்லை. இன்று பீரோவில் அவள் நீலச் சட்டை கையில் பட்டது. "இது நினைவிருக்கா?" என்றேன். "ம்" என்றார். எழுந்து போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். குழாய் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

அக்கா சொல்கிறாள், "மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. பேசாத மனுஷனோட உக்காந்து என்ன பண்ணப்போறே? வந்துடு. ஒரேயடியா வந்துடு." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசனை? வாலுவைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாத வீடு எனக்கு எதற்கு?

மார்ச் 6, வியாழன்

ஆலோசகரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "அவர் இங்க வந்து என்னதான் பேசறார்?"

"அத நான் சொல்லக்கூடாது. அவர்கிட்டயே கேளுங்களேன்."

வாலு போன நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை. துணி எடுத்து வர வீட்டுக்கு வந்திருந்தேன். அவர்தான் இருந்தார். அந்தக் கடைசி ஒரு மணி நேரம் அவரிடம்தான் இருக்கிறது. இதுவரை கேட்கத் தைரியம் வரவில்லை. இனி கேட்காமல் இருக்கவும் முடியாது.

மார்ச் 9, ஞாயிறு

கேட்டேன். காலை டிபன் முடிந்ததும். "அன்னிக்கு அவ ஏதாவது சொன்னாளா?"

முகம் வெளுத்துவிட்டது. "மேடம்கிட்ட சொல்லிட்டேன்."

"எனக்குச் சொல்லுங்க."

"அது… வெளிய சொல்லக்கூடாது."

வெளியவா? நான் வெளியவா? பெத்தவ நான்! எவளோ ஒருத்திகிட்ட வாரா வாரம் போய்ச் சொல்லுவாராம், எனக்குச் சொல்லமாட்டாராம் — என்ன மனுஷன் இவர்? கத்தித் தீர்த்தேன். செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

மாதக் கடைசியில் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். கடையிலும் சொல்ல வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

நான் கிளம்பப்போகிறேன் என்று போன வாரம் ஆலோசகரிடம் சொல்லியிருந்தேன். போவதும் போகாததும் உங்கள் முடிவு, அதற்கு முன் ஒரு முறை இருவரும் சேர்ந்து வர முடியுமா என்று கேட்டார். போனோம். எடுத்த எடுப்பில் நான்தான் ஆரம்பித்தேன். என் பிள்ளையின் கடைசி நேரத்தை இவர் பூட்டி வைத்திருக்கிறார் என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆலோசகரைப் பார்த்தார். "நீங்கதானே மேடம் மொத நாளே சொன்னீங்க, இங்க பேசறது வெளிய போகக்கூடாதுன்னு? அப்படிப் போனா இந்த வைத்தியம் கெட்டுடும்னு நெனச்சேன். இவளும் இங்க பேசறத அதனாலதான் சொல்றதில்லன்னு… கஷ்டப்பட்டு அடக்கிட்டிருந்தேன்."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "சார், அந்தக் கட்டுப்பாடு எனக்கு. உங்களுக்கு இல்ல. நீங்க பேசினது உங்களோடது, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். இத நான் அன்னிக்கே விளக்கியிருக்கணும். மன்னிச்சுக்கங்க."

லிஃப்ட் மோட்டார் அறையில் 'வேலை நடக்கிறது' என்று பலகை மாட்டாமல் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாத மனுஷன். விதி என்று சொன்னால் விதி. இத்தனை வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. இங்கேயே பேசுகிறீர்களா என்று கேட்டார் ஆலோசகர். "வீட்டுல சொல்றேன்" என்றார் இவர்.

மார்ச் 23, ஞாயிறு

சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டே.

தலை அரிக்கிறது என்றாளாம். முடி கழுத்தில் ஒட்டுகிறது, பின்னிவிடுங்கப்பா என்றாளாம். அவர் ஜென்மத்தில் பின்னியதில்லை. "ரெண்டு காலா மூணு காலான்னு கேட்டேன். மூணுப்பா, லிஃப்டுக்கே அத்தனை கம்பி மாட்டறீங்க, இது தெரியாதான்னு சிரிச்சா. கோணலா வந்துச்சு. தொட்டுப் பாத்துட்டு, பரவால்லப்பான்னா. அப்படியே கண்ண மூடினா. தூங்கறான்னுதான் நெனச்சேன்."

அன்று நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அந்தப் பின்னல் கோணிக்கொண்டு கிடந்தது. எந்த நர்ஸ் இப்படி அலங்கோலமாகப் பின்னினாள் என்று, அதை அவிழ்த்து நான் மறுபடி பின்னினேன். கட்டில் அருகே நின்று அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏங்க, அப்பவே சொல்லியிருக்கலாமே? தொட்டிருக்கமாட்டேனே!"

"அவளுக்கு உன் பின்னல்தான் பிடிக்கும்" என்றார்.

வெகு நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிய, காய்த்துப்போன விரல்கள். அதில் எப்படித்தான் மூன்று காலும் பிடித்தாரோ.

மார்ச் 27, வியாழன்

இனி சில வாரம் சேர்ந்தே வருகிறோம் என்று ஆலோசகரிடம் சொன்னோம். சரி என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். ஒரேயடியாக வரவில்லை என்றேன். வெயில் காலத்தில் நாலு நாள் வருகிறோம், அவரும் வருகிறார் என்றேன். "நான் எப்ப லீவு கேட்டேன்?" என்று பக்கத்திலிருந்து குரல். அக்கா சந்தோஷத்தில், "அப்ப மாடி ரூம்ல மூணு பேருக்கும்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டு பேர்தான்க்கா" என்றேன்.