குப்பத்துக் கழிப்பிடத்துக்குக் கதவு

ஜூலை 12, புதன்
காலையிலேயே புழுக்கம். இன்று சட்டசபை இல்லை. துவைத்த புடவை காயவில்லை. வாசலில் மனுக்காரர்கள். கொருக்குப்பேட்டைப் பெரியவர் ஒருவர் என்னிடமே கேட்கிறார்: "ஐயா கீறாராம்மா? எம்.எல்.ஏ.வைப் பாக்கணும்."

எம்.எல்.ஏ. நான்; ஐயா என் வீட்டுக்காரர். முன்னறையில் இருந்தார். என் நாற்காலி, என் பெயர் அச்சடித்த தாள், சிபாரிசு எழுதுவது அவர். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். எரிச்சல். தனக்குக் கிடைக்காத சீட்டை எனக்கு 'வாங்கித் தந்ததாக' ஊரெல்லாம் பேச்சு. ஓட்டுக் கேட்டு நடந்து கால் வீங்கியது யாருக்காம்?

ஜூலை 13, வியாழன்
திருவொற்றியூர் குப்பம். சபையில் கேட்டுக் கேட்டு நான் வாங்கிய பெண்கள் கழிப்பிடம். கட்டி முடித்தாயிற்று. ஓர் அறைக்கும் கதவில்லை. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மீன் கூடையோடு ஒருத்தி: "ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி பொடவைய விரிச்சுப் புடிச்சிகினு நிக்கிறோம். நீயும் பொம்பளதானே?"

யார் காண்ட்ராக்ட் என்றேன். சிரித்தார்கள். "இன்னாம்மா நடிக்கிற? உன் வூட்டுக்காரர்தான். மேஸ்திரி பேர்ல எடுத்துக்கீறாரு."

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "கடல்காத்துக்குக் கதவு துருப்புடிச்சிப் பூடும். எதுக்கு தண்டச் செலவு?" அடுத்து, குழம்பில் உப்பு குறைவு என்றார்.

ஜூலை 16, ஞாயிறு
மழை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் கூப்பிட்டார். "குடும்ப சமாதானம் பெரிசும்மா." நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் முந்திக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறார். சாமியார் வீட்டுக் கழிப்பிடத்துக்குக் கதவு இருக்கிறது.

வாங்க: சீயக்காய், மண்ணெண்ணெய்.

ஜூலை 17, திங்கள்
கேள்வி நேரம். கதவு வைக்காமல் பணம் வாங்கிய ஒப்பந்ததாரர் யார் என்று எழுந்து கேட்டேன். விசாரிக்கிறேன் என்றார் அமைச்சர். எதிர் வரிசையில் ஒருவர்: "அம்மாவுக்கே தெரியுமே. ஆனா வாயால சொல்லமாட்டாங்க. புருஷன் பேரை எந்தத் தமிழச்சி சொல்லுவா?"

சபை முழுக்கச் சிரிப்பு. என் கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் உட்காரும்படி சைகை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வீட்டுக்காரர் 'இவர்', 'ஏங்க', பிள்ளை பிறந்தபின் 'அந்தோணி அப்பா'.

"ஆ. சவரிமுத்து" என்றேன்.

சுருக்கெழுத்துக்காரர் எழுதாமல் என்னையே பார்த்தார். அவருக்காக இன்னொரு முறை சொன்னேன்.