சத்தம் போடாத மோட்டார்

மார்ச் 9, ஞாயிறு

ரிமோட் விமான கிளப்பின் கூட்டம். மைதானத்துக்குப் பின்னால் புது வீடுகளில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். ஈஸ்டரிலிருந்து பெட்ரோல் எஞ்சின் வைத்த குட்டி விமானங்கள் அங்கே பறக்கக் கூடாது, மின்மோட்டார் மட்டும்தான் என்று தலைவர் ஃபோல்கெர்ட் வாசித்தார். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். நானும் தூக்கினேன். சனிக்கிழமை தவறாமல் அந்த எஞ்சின் என் தலைக்குள் குடைந்த குடைச்சல் எனக்குத்தான் தெரியும். என் புருஷன் ரெம்மர் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தான். கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவன் ஆசையாக வீட்டைவிட்டுக் கிளம்புவது அந்த மைதானத்துக்கு மட்டும்தான். திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். குளிர்காலத்திலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். அவனுக்கு முழங்கால் வலியாம்.

மார்ச் 15

ரெம்மரின் மஞ்சள் விமானத்திலிருந்து எஞ்சினைக் கழற்றியாயிற்று. அதைத் துணியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "இது பேசும். மோட்டார் பேசாது" என்றான். எஞ்சினுக்குக்கூட ஒப்பாரியா என்று கேட்டேன். புருஷன் சிரிக்கவில்லை.

மார்ச் 22, சனி

மோட்டார் பொருத்தும் வேலை என் தலையில். "என் கை நடுங்குது, ஸ்குரூ எல்லாம் நீயே போடு" என்கிறான். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது நடுங்காத கை, ஸ்குரூ என்றால் மட்டும் நடுங்குமா? வேலைக்கள்ளன்.

மோட்டார் பழைய எஞ்சினைவிடக் குட்டை. மூக்குப் பலகையில் அப்படியே வைத்தால் விசிறி, மூக்கை மூடும் உறைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நாலு அலுமினியக் குழாய் அறுத்து, முட்டுக் கொடுத்து, முன்னால் தள்ளி நிறுத்தினேன். அந்தப் பலகை வலப்பக்கம் கொஞ்சம் திரும்பித்தான் இருக்கும். கோணல் இல்லை, வேண்டுமென்றே அப்படி. விசிறி சுழலும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கும், அதற்கு ஈடு. மயிரிழை மாறாமல் அதே சாய்வில் மோட்டார் நின்றது. எனக்கே என் மேல் மதிப்பு வந்தது.

மார்ச் 29

மோட்டாரை ஓட்டிப் பார்த்தோம். முதலில் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டதும் சரியாயிற்று. ஆனால் ஓர் உறுமல். விசிறியின் ஓர் இலை எடை குறைவு. அதன் முதுகில் சின்ன டேப் துண்டு ஒன்றை ஒட்டினேன். அவ்வளவுதான், மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ரெம்மரின் முகம் சுண்டிப்போயிற்று. "இவ்வளவு வேணாம் வீப்கே. கொஞ்சம் உறுமினா உறுமட்டும். டேப்பை எடுத்துடு."

"பல் லேப்ல இத்தனை வருஷமா நான் செஞ்ச பல்செட் எவன் வாயிலயும் கடகடன்னு ஆடினதில்ல. இதுவும் ஆடாது" என்றேன்.

கதவை அறைந்துவிட்டுப் போனான். நல்லதுக்குக் காலமில்லை.

ஏப்ரல் 6

மழை. செய்தித்தாள் பிரிக்காமலே கிடக்கிறது. எல்லாம் பொய், படிக்க என்ன இருக்கு என்கிறான்.

ஏப்ரல் 12, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மைதானத்தில் ரெம்மர் கையில் ரிமோட். விமானம் அழகாக ஏறியது. நூல் பிடித்த மாதிரி நேராக. மோட்டார் பொருத்தினால் இப்படிப் பொருத்த வேண்டும் என்று ஃபோல்கெர்ட் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரெம்மரின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அவன் காற்றாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். விமானம் வாய்க்காலுக்கு மேலே இருந்தது. முற்றிலும் வேறு திசை.

"எங்க இருக்கு?" மெல்லத்தான் கேட்டான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அது எங்களை நோக்கித் திரும்பித் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. "இடது, இடது" என்றேன். என் இடது. எதிரே வருகிற விமானத்துக்கு அது வலது என்பது எனக்குத் தோன்றவில்லை. அவன் விமானத்தின் இடதுக்குத் திருப்பினான். வேலியோரக் குழியில் மூக்குக் குத்தி விழுந்தது.

இறக்கை இரண்டாகிவிட்டது. மோட்டார் அசையவே இல்லை. நாலு ஸ்குரூவும் போட்டபடியே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் சொன்னான். போன வருஷத்திலிருந்தே இப்படித்தானாம். நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறமாக ஒன்று நிற்கிறதாம், அதில் எதுவும் தெரியாதாம். எஞ்சின் சத்தத்தை வைத்தே விமானத்தை ஓட்டியிருக்கிறான். வரும்போது சத்தம் கூர்மையாகும், போகும்போது தணியும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? ரிமோட்டைப் பிடுங்கி அலமாரியில வச்சிருப்ப."

ஆமாம். வைத்திருப்பேன்.

ஏப்ரல் 13

ஒரே மேஜை, ஒரே கட்டில். எனக்கு ஏன் தெரியாமல் போச்சு? முழங்கால், கை நடுக்கம், செய்தித்தாள் — எல்லாத்தையும் பார்த்தும் புரியலையே. வேலைக்கள்ளன்னு வேற எழுதி வச்சிருக்கேன். கை தூக்கினதும் நான்தான், டேப் ஒட்டினதும் நான்தான். கராஜில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

மே 20

கண் மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. போனது திரும்பாது. ஓரப்பார்வை மிஞ்சலாம்.

ரெம்மர் மைதானத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஃபோல்கெர்ட் அதை வாங்கக் கை நீட்டவில்லை. மேஜையில் வைத்துவிட்டு வந்தான்.

ஜூலை 5

இறக்கை ஒட்டியாயிற்று. ஃபோல்கெர்ட்டிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். எதிரே வரும்போது இடமும் வலமும் மாறும், அதுதான் முதல் பாடம். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் காருக்குப் பின்னால் நின்றேன்.

ஆகஸ்ட் 23

ரெம்மரைக் கூப்பிட்டேன். வரவில்லை. "நான் வந்து என்ன பண்ண? குருடன் சினிமாவுக்குப் போன கதைதான்" என்றான்.

விசிறியிலிருந்து டேப்பை உரித்தேன்.

செப்டம்பர் 6, சனி

இழுக்காத குறையாக அழைத்துப்போனேன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் உறுமியதும் தலை நிமிர்ந்தது. ஏதோ அதிர்கிறதே என்று ஃபோல்கெர்ட் வந்தார். தெரியும் என்றேன். ஒவ்வொரு முறை இறங்கியதும் ஸ்குரூ இறுக்க வேண்டியிருக்கும், அதுவும் தெரியும்.

ரெம்மரின் முகம் விமானத்தோடு திரும்பிக்கொண்டே இருந்தது. "சீக்கிரம் திருப்பிட்ட" என்றான் ஒருமுறை. சரியாகத்தான் சொன்னான்.

பிறகு கடல் பக்கமிருந்து காற்று எழுந்து சத்தத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. விமானம் வாய்க்கால் பக்கம் போயிருந்தது. அவன் இன்னும் காற்றாலைப் பக்கமே பார்த்து, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு விமானத்தைக் கொண்டுபோனேன்.